வெங்காய ரோஸ் வயிற்றுச் சிட்டு

ஒரு பறவை இனத்துக்கு என் பெயரை வைத்திருந்தேன். பத்தொன்பது நாள் அந்தப் பெயர் செல்லுபடியானது. பெயரை வைத்தவளும் நான்தான், நோட்டில் அதை அடிக்கோடிட்டு எழுதியவளும் நான்தான் என்பதால் அறிவியல் உலகத்துக்குப் பெரிய சேதாரம் இல்லை. சேதாரமெல்லாம் எனக்குத்தான்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரணியிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூருக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் வருஷம். எங்கள் வீட்டின் பின்பக்கம் நைனாவின் சாயப்பட்டறை. (அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) தறி வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். பெரிய அண்டாவில் சாயத் தண்ணீர் கொதிக்கும். நூல் கழிகளைக் கம்பில் மாட்டி அதில் முக்கி முக்கித் திருப்புவார். முழங்கை வரைக்கும் அன்றைய கலர் ஏறியிருக்கும். நைனாவின் கையைப் பார்த்தே எந்த முகூர்த்தத்துக்கு என்ன கலர் சேலை என்று தெருவில் சொல்லிவிடுவார்கள்.

நானோ படித்தவள். (ஒன்றரை வருஷம்.) பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன். அங்கே அடிக்கும் அமில நெடிக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவேன்.

"காலேஜுல தவளைய அறுக்கறாளாம், ஊட்ல சாயத் தண்ணி நாறுதாம்," என்பாள் அம்மா.

எங்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பாடம் எடுத்தவர் திலகவதி மேடம். அழகான பறவைகள் என்றால் அவருக்கு இளக்காரம். "மயிலை மயில்னு சொல்றதுக்குக் காலேஜ் எதுக்கு?" என்பார். அவருக்கு வேண்டியதெல்லாம் வேலியோரத்துச் சின்னக் குருவிகள். தையல்சிட்டு, கதிர்க்குருவி, இலைக்கதிர்க்குருவி என்று மண்ணும் இலையும் கலந்த நிறத்தில் கைக்குள் அடங்குகிற ஜீவன்கள். ஒன்றுக்குக் கண்ணுக்கு மேல் கோடு இருக்கும், இன்னொன்றுக்கு வால் கொஞ்சம் நீளம், மற்றொன்றுக்கு நெற்றியில் செம்பழுப்பு. இந்த வித்தியாசங்களையெல்லாம் நாம் பார்த்து முடிப்பதற்குள் மூன்றும் பறந்துபோயிருக்கும்.

அந்த மார்கழியில் மேடம் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பறவையைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டும். சிறந்த நோட்டுக்குச் சொந்தக்காரி தை மாசத்தில் கோடிக்கரைக்கு ஐந்து நாள் பறவை முகாமுக்குப் போகலாம். ஒரே ஓர் இடம். கோடிக்கரையில் கடல் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன என்று மேடம் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலூரைத் தாண்டி நான் பார்த்த ஒரே ஊர் திருப்பதி.

நைனாவிடம் கேட்டேன்.

"அஞ்சு நாளு, பொம்பளப் புள்ள, குருவி பாக்க," என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் அவருக்குச் சரியாக வரவில்லை. கடைசியில், "உங்க டீச்சரம்மா ஊட்டுக்கு வந்து, நான் பாத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அனுப்பறேன்," என்றார்.

ஆக எனக்கு இரண்டு காரியம் ஆகவேண்டும். நோட்டு முதலாவதாக வரவேண்டும், மேடம் ஆரணிக்கு வரவேண்டும். கண்ணமங்கலத்திலிருந்து அதே பஸ்ஸில் ஏறும் என் தோழி விமலா ஏற்கெனவே கதிர்க்குருவியைப் பிடித்துவிட்டாள். (நோட்டில்தான்.) பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளை மிஞ்ச எனக்கு ஏதாவது பெரிதாக வேண்டும், அதுவும் சின்னப் பறவையில்.

கடவுள் உடனே கொடுத்தார்.

காலை ஏழு மணி. மாடியில் கல்லூரி பைனாகுலரோடு நின்றிருந்தேன். (அதில் ஒரு கண்ணாடியில் பூஞ்சை. எனவே ஒற்றைக் கண்ணால்தான் எல்லா ஆராய்ச்சியும்.) பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாழையும் ஆமணக்கும் புதராக மண்டியிருக்கும். அதிலிருந்து ஒரு சிட்டு எகிறி ஆமணக்குக் கிளையில் உட்கார்ந்து சிறகைச் சிலிர்த்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய அதன் வயிறு ரோஸாக இருந்தது.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாள் இரண்டாக. கல்லூரி நூலகத்தில் இருந்த பறவைப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினேன். அப்படி ஒரு சிட்டு அதில் இல்லை. இந்த இடத்தில் அறிவுள்ள எவளும் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பாள். நான் புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன். பாவம், எழுதியவர்கள் ஆரணிக்கு வந்ததில்லை என்று முடிவு செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் 'கோமதிச் சிட்டு' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நெற்றி: செங்கல் தூள் நிறம். முதுகு: பாசிப்பயறு. வால்: எப்போதும் செங்குத்தாகத் தூக்கியிருக்கும். குரல்: உடம்புக்குப் பொருந்தாத சத்தம். வயிறு: வெங்காய ரோஸ், மார்புப் பக்கம் ஒரு பிடி தூக்கல், வாலடியில் வெளிறல். வெயிலில் பார்த்தால் வெங்காய ரோஸ், நிழலில் லேசாக அரக்கு.'

சாயக்காரர் வீட்டில் பிறந்தவள்தான் இப்படி எழுத முடியும். சாயக்காரர் வீட்டில் பிறந்தவள் இதை எழுதிவிட்டு ஒரு விநாடி யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்மா எதிர்வீட்டுக்குச் சொல்வாள், எதிர்வீடு முள்ளிப்பட்டு வரைக்கும் சொல்லும், கூட்டம் கூடினால் பறவை கலைந்துவிடும் என்கிற தொலைநோக்கு.

நோட்டைப் படித்த மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"நீயே பார்த்தியா?"

"தினமும் பார்க்கறேன், மேடம்."

"நிறத்தை இவ்வளவு துல்லியமா எழுதின ஸ்டூடண்ட் எனக்கு இதுவரைக்கும் வாய்ச்சதில்லை," என்றார். "ஞாயித்துக்கிழமை வரேன்."

தரையில் நடந்து வீட்டுக்கு வந்ததாக ஞாபகமில்லை.

மேடம் வருகிறார் என்றதும் முகாமுக்கு அனுமதி கேட்கத்தான் வருகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. அம்மா கேசரி கிளறினாள், உளுந்து வடைக்கு ஊறப்போட்டாள். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அதற்குக் கீழே இரண்டு கையும் முழங்கை வரை கரும்பச்சை. தை முகூர்த்தத்துக்கு ஒரே வீட்டுக்கு ஏழு சேலையாம், எல்லாம் ராமர் பச்சையாம். நான்கு நாளாக அதே வேலை.

ஞாயிறு காலை மேடமும் விமலாவும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். எல்லோரையும் வாழைக்குப் பின்னால் வரிசையாகக் குந்தவைத்தேன். தளபதி மாதிரி கையை உயர்த்தி, "பேசக்கூடாது," என்றேன். (மேடத்துக்கும் சேர்த்து.)

கால் மணி நேரத்தில் வந்தது. ஆமணக்குக் கிளையில் ஏறி வாலைத் தூக்கிக்கொண்டு வயிற்றைக் காட்டியது. ரோஸ். முன்னைக்குக் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் ரோஸ். மேடம் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த சத்தம் அது. கோடிக்கரையில் அலை அடித்தது.

அடுத்த கிளையில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அதன் வயிறு பச்சை.

"இன்னாடி இது, பச்சையா வந்து குந்திகினு கீது?" என்றாள் விமலா காதோரம்.

படிப்பு கைவிடாது. "ரோஸ் ஆண், பச்சை பெண்," என்றேன் உடனே. "பல பறவைகள்ல அப்படி உண்டு, மேடம்."

மேடத்தின் பார்வை மூன்றாவது கிளையில் இருந்தது. அங்கே வந்த சிட்டுக்கு மார்பு ரோஸ், அடிவயிறு பச்சை.

"அப்ப இது ரெண்டுத்துக்கும் பொறந்ததா?" என்று கேட்டாள் விமலா.

நைனா காபித் தட்டோடு வந்த நேரம் அது. ஆறு பெண்கள் தன் வாழைப் புதரில் குந்தியிருப்பதைப் பார்த்து அவரும் மரியாதைக்குக் குந்தினார். மேடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இந்தப் பறவையை நீங்க முன்னால பார்த்திருக்கீங்களா?"

நைனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வியாபாரிகள் வாசலில் நூலைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி.

"பாக்காம என்னாங்க. இது இருவது இருவத்தஞ்சு நாளு முன்ன நான் போட்ட வெங்காய ரோஸு. ரெண்டாந் தண்ணி, கலரு லேசாத்தான் நிக்கும். அதோ அது நேத்து போட்ட ராமர் பச்ச. நடுவுல கீற பயலுக்கு ரெண்டும் ஏறிக்கீது."

நைனா தொழில் விளக்கமாகவே தொடர்ந்தார். "நூல எடுத்தப்புறம் அலசற தண்ணிய இப்டி வாழைக்குத் தள்ளி வுட்ருவேங்க. வெதுவெதுன்னு கீதா, மார்கழிக் குளுருக்கு இதுங்களுக்கு வெந்நீர் குளியல். ஜல்தியா வந்து முழுவிட்டு ஜல்தியா போயிடும்." பிறகு ஏதோ உறுத்தியவர் போல மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஒண்ணு சொல்லிட்றேன். மங்கிகினு வருதேன்னு தப்பா நெனைக்காதீங்க. பட்டுல போட்டா நம்ம சாயம் போவாது. இது கொதிக்காத தண்ணி. ஒரு மழ பெய்யட்டும், சுத்தமா போயிடும்."

பட்டுக்கு ஏறும் சாயம் இறகுக்கும் ஏறும். இரண்டும் புரதம். இதே கேள்விக்குப் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். பக்கத்தில் கிணறு இருந்தது, ஆனால் நைனா இரும்பு மூடி போட்டு வைத்திருந்தார்.

விமலா வாயைப் பொத்திக்கொண்டு வாழை மரத்தில் சாய்ந்தாள். மரம் குலுங்கியது. கோமதிச் சிட்டுகள் மூன்றும் பறந்தன.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் மேடம் என் நோட்டைக் கேட்டார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திரி எண்ணிக்கைகூட இன்றும் நினைவிருக்கிறது, நான்கு. நைனாவுக்கு அப்போதுதான் விஷயம் லேசாகப் பிடிபட்டது. எழுந்து நின்றார்.

"டீச்சரம்மா, புள்ள மேல தப்பு இல்லீங்க. சாயம் என்னுது. நான் தண்ணிய அந்தாண்ட திருப்பி வுட்டிருந்தா புள்ளைக்கு இந்தப் பேஜார் வந்திருக்காது."

பச்சைக் கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. முகாம் கைநழுவியதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

மேடம் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டே போனார். 'கோமதிச் சிட்டு' அடிபட்டது. வெங்காய ரோஸ் அடிபட்டது, அரக்கு அடிபட்டது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். எல்லாம் முடிந்ததும் நோட்டை என்னிடம் நீட்டினார்.

"அடிக்காததை மட்டும் படி."

படித்தேன். செங்கல் தூள் நெற்றி. பாசிப்பயறு முதுகு. தூக்கிய வால். உடம்புக்குப் பொருந்தாத குரல். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தக் கிளையில் முதலில் உட்காருகிறது, எந்தப் பூச்சியை எப்படிப் பிடிக்கிறது.

"இது என்ன பறவை?"

"தையல்சிட்டு, மேடம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இந்த க்ளாஸ்ல தையல்சிட்டை இதைவிட நல்லா யாரும் எழுதல. எழுதின உனக்கு மட்டும்தான் அது தெரியல." பேனாவை மூடினார். "ஐயா, இவளைக் கோடிக்கரைக்கு அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன். அப்புறம் அந்த ரெண்டாந் தண்ணி ரோஸ்ல எனக்கு ஒரு சேலைக்குச் சாயம் போட முடியுமா?"

"குருவி மாதிரியே போட்டுர்லாங்க," என்றார் நைனா. "ஆனா நல்லா கொதிக்க வுட்டு."

(அந்தக் கலர் பிறகு நன்றாகப் போனது. நைனா அதைக் குருவி ரோஸ் என்றே கூப்பிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு என்னைக் கைகாட்டுவார்.)

கோடிக்கரைக்குப் போனேன். எனக்கு முன்னால் என் புகழ் போயிருந்தது. உப்பளத் தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள் ரோஸும் வெள்ளையுமாக நின்றிருந்தன. வேறு கல்லூரியிலிருந்து வந்த, முன்பின் தெரியாத ஒரு பையன் பக்கத்தில் வந்து, "இதுங்களுக்குச் சாயம் போட்டதும் உங்க அப்பாதானாங்க?" என்று பணிவாகக் கேட்டான். நான் நோட்டைத் திறந்துகொண்டேன். அன்று என் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது: 'பூநாரை. கால் நீளம். கழுத்து நீளம். நிறம்: உறுதி செய்யப்படவில்லை.'

நான்கு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சந்தவாசலில் பள்ளி ஆசிரியர். அவர்கள் போனதும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்டிடி இருக்காரு?" என்று கேட்டாள். நல்லவராகத்தான் தெரிகிறார் என்றேன்.

பட்டறைப் பக்கமிருந்து நைனாவின் குரல் வந்தது: "இவ கண்ண நம்பாத. ஒரு மழ பெய்யட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அன்று சாயங்காலமே நல்ல மழை. போனவர்கள் பஸ் கிடைக்காமல் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். துண்டெடுத்துக்கொண்டு ஓடிய நைனா மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "போவல, கெட்டிச் சாயம்," என்றார்.

ஒன்றும் புரியாமல் சிரித்த அந்த மனிதர்தான் இன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். தையல்சிட்டு எது, கதிர்க்குருவி எது என்று அவருக்கு இன்னும் தெரியாது.