லாரியின் வயிற்றில் தலை

மனிதன் கையால் செய்த எந்தப் பொருளையும் பிடிக்காத ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் வேறு எங்காவது பிறந்து தொலைக்காமல், என் வாசலுக்கு எதிர் வாசலில் வந்து குடியிருந்தார் பாருங்கள், அது என் தலையெழுத்து. கோபப்படாமல் எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் சொல்கிறார். அவருக்கென்ன, சொல்லுவார். நொட்டையோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

நொட்டை என்பது அவர் பெயர் இல்லை, எதற்கும் நொட்டை சொல்வதால் நாங்கள் வைத்தது. உண்மைப் பெயர் மயிலாப்பூரில் எங்கள் ஸ்டோரில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஆறு குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே குழாய். எழுபதுகளில் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் அப்படித்தான் காலம் தள்ளினோம். நொட்டைக்குக் கிண்டியில் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் செக்கர் வேலை. செய்து முடித்த விசிறியைப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். எதுவுமே தேறாது என்று சொல்லிச் சொல்லி முதலாளியின் உயிரை எடுத்ததில், அவரைக் கொண்டுபோய் வாசல் கேட்டில் உட்கார வைத்துவிட்டார்களாம். அங்கே கேட்டின் கீலைக் குறை சொன்னார் என்று கேள்வி. அங்கே சொல்ல முடியாமல் போனதையெல்லாம் சாயங்காலம் வந்து எங்களிடம் சொன்னார்.

யார் வீட்டில் புதுப் பொருள் வந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். பக்கத்துக் குடித்தனத்தில் கூரையில் விசிறி மாட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இதற்குக் கீழே நான் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, காரணம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்த வெயில் காலம் முழுக்க அந்தக் குடும்பம் விசிறியை ஓடவிட்டு, நடு அறையைக் காலியாக விட்டு, சுவரோரம் ஒட்டிக்கொண்டு தூங்கியது. என் மனைவி செண்பகம் ஆசையாகப் பிரஷர் குக்கர் வாங்கினாள். ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான். அதற்கப்புறம் செண்பகம் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்து, அங்கிருந்தே விசில் எண்ணுவாள். சோறு எப்படி இருக்கும்? கஞ்சியாகத்தான் இருக்கும். தின்றவன் நான்.

வடபழனியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த மணை ஆடுகிறது என்று முகூர்த்த நேரத்தில் நொட்டை அவரைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். எழுந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் வீட்டில் ஒரே அலறல். விஷயத்தைச் சொல்லி, மணைக்கு அடியில் பத்திரிகையை மடித்துச் செருகி, மறுபடி உட்கார வைப்பதற்குள் மேளக்காரர் கெட்டிமேளத்தை வீணாக ஒரு தரம் வாசித்து முடித்திருந்தார்.

என் ஸ்கூட்டர் கதை இன்னும் மோசம். எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காயவில்லை, அதற்குள் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடி, வண்டி வலது பக்கம் சாய்கிறது என்றார். அதுவரை எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து இடது பக்கமாகச் சாய்ந்தே ஓட்டினேன். தேனாம்பேட்டை சிக்னலில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, வயிற்று வலியா சார் என்று கேட்டார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மனுஷன் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்து தொலைக்கும்.

இப்படிப்பட்ட ஆள் குடியிருந்த இடத்துக்குத்தான், எழுபதுகள் முடிகிற சமயத்தில், ஜப்பானிலிருந்து ஒரு ரோபோ பொம்மை வந்து சேர்ந்தது.

அனுப்பியது செண்பகத்தின் தம்பி முத்து. என் மாமனாருக்குத் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் ஜவுளிக்கடை. ஒரே பையன் கல்லாவில் உட்காருவான் என்று அவர் கனவு கண்டுகொண்டிருக்க, அவன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அன்றோடு அவர் வீட்டில் அவன் பெயருக்குத் தடை. யாராவது வாய் தவறிச் சொன்னால் சாப்பிடுகிற இலையைவிட்டு எழுந்துவிடுவார். செண்பகம் தம்பியை நினைத்துத் தனியாக அழுவாள், அப்பாவை நினைத்தும் தனியாக அழுவாள். இரண்டு பேரையும் ஒரு தரமாவது ஒரே இடத்தில் உட்கார்த்தி வைத்துச் சோறு போட்டுவிட வேண்டும், அதற்கு மேல் சாமியிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்பாள். அந்த நேரத்தில்தான் கப்பலில் கூட வேலை பார்க்கிற ஒருவர் வந்து, முத்து கொடுத்தான் என்று பெட்டியை நீட்டினார். செண்பகம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரித்தது நான். நீலமும் சிவப்புமாக, கையில் எடுத்தால் கனக்கிற இரும்புப் பொம்மை. ஒரு சாண் உயரம். காலை மடக்கி, கையை உள்ளே தள்ளி, தலையை அமுக்கி, இடுப்பைத் திருப்பினால் லாரி ஆகிவிடும். பொத்தானை அமுக்கினால் முஷ்டி பறந்துபோய் விழும். ஒரு கத்தி, ஒரு கேடயம், முதுகில் மாட்ட இரண்டு இறக்கை, ஒட்டிக்கொள்ளப் படங்கள். பெட்டியில் ஜப்பான் எழுத்து, ஒன்றும் விளங்கவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஆபீசுக்கு லீவு போட்டு, மடக்கப் பழகினேன். சின்ன வயதில் எனக்கு ஒரு தகர மோட்டார்கூடக் கிடைத்ததில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரி வந்தது. செண்பகம் கொலுவில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் ரோபோவை நிறுத்தினாள். அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. மற்றக் கொலுக்களுக்குப் போனவர்களும் இங்கே வந்து, நான் மடக்கிக் காட்டுவதைப் பார்த்து, சுண்டலைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். நொட்டையும் வந்தார். பொம்மையை எடுத்து ஒரு தரம் மடக்கினார், ஒரு தரம் பிரித்தார். முகம் சிவந்துவிட்டது. தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு கோபம்.

"இன்னா சார் இது? லாரியா இருக்கசொல்ல இதும் தலை எங்க போவுது? வயித்துக்குள்ள. எந்த லாரிக்கு சார் வயித்துல தலை கீது? சரி, ஆளுன்னு வெச்சுக்க. ஆளுக்கு முதுகுல எதுக்கு டயரு?"

கேடயத்தை லாரியில் வைக்க இடம் இல்லை என்றார். இறக்கை பறக்காது, பறக்காததற்கு எதற்கு இறக்கை என்றார். கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, கையைப் பறக்கவும் விட்டால் கத்தியை யார் பிடிப்பது என்று செண்பகத்தைக் கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போங்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த அர்த்தம் வருகிற மாதிரி கதவைச் சாத்தினேன்.

விஜயதசமி அன்று மாமனார் வருவார். கொலு பார்க்க வருஷத்துக்கு ஒரு தரம் மகளுக்குப் புடவையோடு வருவது அவர் வழக்கம். செண்பகம் போட்ட திட்டம் இதுதான்: முதலில் பொம்மையைக் காட்டுவது, அப்பா மகிழ்ந்துபோய் யார் கொடுத்தது என்று கேட்பார், அப்போது தம்பி பெயரைச் சொல்வது. அதற்காக, அடையாற்றில் என் நண்பர் ஒருவர் புது விசிறி மாட்டியிருக்கிறார், நீங்கள் வந்து பார்க்காமல் ஓடவிடப் பயப்படுகிறார் என்று நொட்டையைக் காலையிலேயே பஸ் ஏற்றிவிட்டேன். அந்த நண்பர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் முந்தின நாள் ஆயுத பூஜை நடந்ததை நான் மறந்துவிட்டேன். செண்பகம் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்தாள், தையல் மிஷினுக்கு வைத்தாள், அரிவாள்மணைக்கு வைத்தாள். லாரியும் வண்டிதானே, அதுவும் தம்பி கொடுத்த வண்டி என்று ரோபோவுக்கும் மூட்டு மூட்டாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தாள். ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தனம் கீலுக்குள் இறங்கிக் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஜப்பான்காரன் எதை எதையெல்லாமோ யோசித்திருப்பான், இதை யோசித்திருக்கமாட்டான்.

மாமனார் வந்தார். காபி குடித்தார். நான் ரோபோவை எடுத்து மடக்க ஆரம்பித்தேன். கால் மடங்கியது, தலை பாதி உள்ளே போனது, இடுப்பு அசையவில்லை. ஆளும் இல்லாமல் லாரியும் இல்லாமல், வாயு பிடித்த மாதிரி நின்றது. யாருடைய பொம்மை மாப்ள என்று மாமனார் கேட்டார். செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. தம்பி அனுப்பியது என்று சொல்லிவிட்டாள்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டார். செண்பகம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து அடையாற்றிலிருந்து, அந்த விசிறியின் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் ஆறாமல், நொட்டை வந்து சேர்ந்தார். என் கையில் பாதி மடங்கி நின்ற பொம்மையைப் பார்த்தார். அடக்க முடியுமா அவரால்?

"நான் அன்னிக்கே சொல்லல? கீலு சரியில்ல, ஸ்பிரிங் சரியில்ல, ஒண்ணுமே சரியில்ல. இத்த வாங்குனவன் கண்ண மூடிக்கினு வாங்கிக்கீறான். ஒரு சாமானம் பாத்து வாங்கத் தெரியாதவன் கப்பல்ல போயி இன்னாத்தக் கிழிக்கப் போறான்?"

எனக்குக் கை பரபரவென்று வந்தது. அந்தக் கனமான பொம்மையாலேயே ஒன்று வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பேன். அதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது. ஒற்றைச் செருப்போடு மாமனார் திரும்பியிருந்தார்.

"வே, நிறுத்தும். யாரு, எம் மவன் முத்துவா பாத்து வாங்கத் தெரியாதவன்? ஜவுளிக்கடையில பொறந்தவன்வே அவன். துணியத் தொட்டாலே நூல் நம்பர் சொல்லுவான். அக்கா வீட்டுக்குன்னு கடல் தாண்டி வாங்கி அனுப்பியிருக்கான். அதைச் சொல்ல நீரு யாருவே?"

எம் மவன் முத்து. செண்பகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நொட்டை சும்மா விடுவாரா? பொம்மையை என் கையிலிருந்து பிடுங்கி, ஒவ்வொரு பாகமாகக் காட்டிச் சண்டை பிடித்தார். மாமனார் அந்தச் செருப்பையும் உதறிவிட்டு உள்ளே வந்து, சட்டமாக உட்கார்ந்து, பாகம் பாகமாகப் பதில் சொன்னார். லாரி ஓட்டுகிறவனுக்கு முகம் எதற்கு, அதனால்தான் தலை உள்ளே போகிறது என்றார். கேடயத்தை ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியது, லாரி எதற்குப் பிடிக்க வேண்டும் என்றார். பறந்த கையை எடுத்து மாட்டிக்கொள்ளத்தான் இன்னொரு கை இருக்கிறது என்றார். இன்னொரு கையும் பறந்துவிட்டால் என்று நொட்டை கேட்டார். அதற்கு மட்டும் மாமனாரிடம் பதில் இல்லை, சத்தம்தான் இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டே நகத்தால் கீலில் இருந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். லாரியாக மடக்கியும் காட்டினார். அப்புறம் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏளா, அவன் கப்பல் மெட்ராசுக்கு எப்ப வருதாம்?"

மறுநாள் குழாயடியில் நொட்டையைப் பிடித்தேன். வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினீர்களா, மாமனாரை உசுப்பிவிடத்தானே என்று கேட்டேன். இரண்டு கையும் எடுத்துக் கும்பிடத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் என்னை முறைத்தார். ஸ்பிரிங் நிஜமாகவே சரியில்லை, அதைச் சொன்னேன், வாசலில் நின்றது உங்கள் மாமனார் என்றே அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, என் குடத்தில் நசுங்கல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு நன்றி சொல்வது எப்படி? குடத்தைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்துவிட்டேன்.

மறு வருஷம் முத்து வந்தான். மாமனாரே துறைமுகத்துக்குப் போய் டாக்சியில் அழைத்துக்கொண்டு நேராக எங்கள் ஸ்டோருக்கு வந்தார். முற்றத்தில் எல்லாக் குடித்தனமும் கூடி நின்றது. நொட்டை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முத்துவைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். செண்பகம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு குறை சொல்லட்டும், இன்றோடு தீர்த்துவிடுகிறேன் என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"ரொம்ப இளைச்சுக்கீறான் சார். சோறு போடச் சொல்லு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பாடுபட்டு வளர்த்த கோபத்தை இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று அதற்கும் கோபம் வந்தது. மாமனார் பக்கத்தில் முத்துவுக்கு இலை போட்டாள் செண்பகம். எதிரே நொட்டைக்கும் ஓர் இலை போடச் சொன்னேன். அவர் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு, சாம்பாரில் உப்பு கம்மி என்றார். செண்பகம் எழுந்திருக்கப் போனாள். நீ தம்பியோடு உட்கார் என்று சொல்லிவிட்டு, நானே போய் உப்பை எடுத்துவந்து, குனிந்து அவர் இலையோரத்தில் வைத்தேன்.