மாமா மட்டும் ஏறிய ரயில்

குடை, செருப்பு, சாவி என்று எல்லோரும் எதையாவது தொலைப்பார்கள். நான் என் மாமனாரைத் தொலைத்தேன். அதுவும் சக்கர நாற்காலியோடு.

பக்கவாதம் வந்ததிலிருந்து மாமா வேப்பம்பட்டில் எங்களோடுதான் இருந்தார். நடக்க முடியாது, பேச்சும் குழறும். நாங்கள் வேலைக்குப் போனால் நாள் முழுக்க அவருக்கு டிவிதான் துணை. அன்று அவரைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை, மனைவி செல்வியிடம் நல்ல பெயர் எடுக்க, நானே கேட்டு வாங்கினேன். (யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை!)

இரண்டு பேர் கைகொடுக்க, மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் மாமாவை ஏற்றினேன். உடனே ஒரு பயம். இதில் போனால் எனக்கு ஃபைன் போட்டுவிடுவார்களோ? துணைக்கு வருபவர் ஏறலாமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், "ஃபைன் போட்ருவாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கு ஓடலாம் என்று இறங்கினேன். அங்கே வாசலில் தொங்கக்கூட இடமில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

தொலைந்துவிடக் கூடாதென்று மாமாவின் போனையும் என் பையில்தான் வைத்திருந்தேன். அவரால் தனியாக இறங்க முடியாது. பேசினாலும் யாருக்குப் புரியும்? வழியில் எங்காவது விழுந்து கிடப்பாரோ? அந்த நேரம் பார்த்து செல்வி கூப்பிட்டாள்.

"அப்பாவ ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்." (பொய் இல்லையே!)

தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி அடுத்த ரயிலில் திருவள்ளூர் போனேன். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினேன். மாமா இல்லை. தொலைந்தேன் என்று உட்கார்ந்தபோது மறுபடி செல்வி.

"யாரோ ஒரு அக்கா போன் பண்ணாங்க. அப்பா என் நம்பரச் சொன்னாராம். கடம்பத்தூர் ஸ்டேஷன்ல கீறாராம். நீ எங்க கீற?"

கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் மாமா வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோலோடு அந்த அக்காவும், கடலை மிட்டாய் விற்கும் பார்வையற்ற ஒருவரும். தினமும் அந்தப் பெட்டியில் வருபவர்களாம்.

"திருவள்ளூர்லயே எறக்கி வுடறோம்னோம். பேசிக்கினு இருக்கசொல்ல எறங்கமாட்டேன்னுட்டாருபா," என்றார் அக்கா.

மாமா ஏதோ ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினார். இருவரும் வடையை மென்றபடி காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னா மாப்ள... அதுக்குள்ள... வந்துட்டீங்க?"

இப்போது வாரம் ஒருமுறை அந்தக் கூட்டத்தோடு மாமா ரயிலேறுகிறார். துணைக்கு நானும் ஏறலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவர் திரும்பி வரும்வரை இன்றும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் ஏற்றிவிட்டு ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் போதும், பெட்டியே சிரிக்க மாமா விரட்டுவார்:

"மாப்ள... ஃபைன்... போட்ருவான். எறங்குங்க."