கொல்லிமலைக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்

அணுபுரத்தில் கைக்கடிகாரம் கட்டியவர்களெல்லாம் வீண் செலவாளிகள். எங்களுக்குத்தான் 'பன்னெண்டரை' இருந்தாரே! ஆபீஸ் கேன்டீன் மாஸ்டர், நெம்மேலிக்காரர். சரியாகப் பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கதவைத் திறப்பார். பதினேழு வருஷத்தில், புயலடித்த நாளில்கூட, ஒரு நிமிஷம் தவறியதில்லை. முன்னதாக எந்தப் பெரிய அதிகாரி தட்டினாலும், "இன்னா சார் அவசரம்? வெந்துகினு கீது!" என்று குரல் மட்டும் வரும்.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் பன்னிரண்டு இன்ஜினியர்கள் வேன் பிடித்துக் கொல்லிமலைக்குக் கிளம்பினோம். "ஓட்டல்ல துன்னு வவுறு பேஜாராச்சுன்னா?" என்று அவரும் ஏறிக்கொண்டார், அண்டாவோடும் ஐந்து கேன் தண்ணீரோடும்.

"மலையில அருவியே இருக்கு மாஸ்டர்!"

"கண்ட தண்ணியில சாம்பார் வெக்க முடியாது சார். இது எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி."

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன மனிதரை அன்றுதான் நேரில் பார்த்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் கேன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

மலையில் பத்து மணிக்குப் பருப்பு அடுப்பில் ஏறியது. பன்னிரண்டுக்கும் கல் மாதிரியே கிடந்தது. நம் ஆட்கள் விடுவார்களா? உயரம், காற்றழுத்தம், கொதிநிலை என்று பிஸ்கட் அட்டையில் கணக்கே போட்டுவிட்டார்கள். பன்னிரண்டரை தாண்டியது. மாஸ்டர் அடுப்பருகே குந்திவிட்டார்.

"எம்பேரு போச்சு சார்."

அப்போது விறகோடு அந்தப் பக்கம் வந்த மலைக்கார அம்மா, தாகத்துக்குக் கேனில் ஒரு வாய் குடித்துத் தூவென்று துப்பினார்.

"உப்புக் கரிக்குதுங்களே! இதுல பருப்பு எப்படி வேகும்?"

நெம்மேலிக் கடலோரக் கிணறு! மாஸ்டர் வீட்டில் சமைப்பது சம்சாரம். குடிக்கவும் சமைக்கவும் சம்சாரம் தெருக்குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார் என்பது இந்த மகானுக்குத் தெரியாது. பன்னிரண்டு மேதாவிகளில் ஒருவராவது தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தோமா? அதுவும் இல்லை.

மாஸ்டர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினார். புதுப் பருப்பு, புதுத் தண்ணீர். மூன்று மணிக்கு இலை போட்டார். சாம்பார் அமிர்தம். பரிமாறிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்.

"ரொம்பப் பசிச்சிருக்குமே சார்..."

"பசியா? இப்பத்தானே மாஸ்டர் மலையே பார்த்து முடிச்சோம்!" என்றோம், பன்னிரண்டு பேரும் ஒரே குரலில்.

என் பையில் பன் பாக்கெட் பிரிக்காமலே இருந்தது. மற்றவர்கள் பையிலும் அப்படித்தான். அவருக்கு முன்னால் அதைப் பிரிக்க எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.