தாசில்தாரைக் கட்டிப்பிடித்த சுண்டைக்காய்

பெரம்பலூர் அரியலூர் ரோட்டில் எத்தனையோ கண்டக்டர்கள் வந்து போயிருக்கிறார்கள். தாசில்தாரைக் கட்டிப்பிடித்து அழுதவர் ஒருவர்தான். அவருடைய நிஜப்பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் 'வெல்லக்கட்டி'.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு பஸ் ஓட்டிய நாட்கள். அரியலூரில் எனக்குக் குமாஸ்தா உத்தியோகம். தினமும் காலை முதல் பஸ்ஸில் போவேன். வெல்லக்கட்டி வெறும் வயிற்றோடு ஏறுவார். ஏறும்போது தங்கமான மனிதர். குன்னம் தாண்டினால் சட்டை வியர்வையில் நனைந்துவிடும், பார்வை எங்கேயோ போய்விடும். ஒரு நாள் ஆட்டுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதன் சொந்தக்காரரை நடுவழியில் இறக்கிவிட்டார். ஆடு மட்டும் அரியலூர் வந்து சேர்ந்தது. இன்னொரு நாள், முன் சீட்டில் முறுக்கு மீசையோடு உட்கார்ந்திருந்த தாசில்தாரைத் தன் பாட்டியென்று நினைத்துக் கட்டிக்கொண்டு, "அம்மாயி, எப்ப வந்தே? ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?" என்று தேம்பினார்.

இனிப்புப் பட்டால் தெளிந்துவிடுவார் என்று கண்டுவைத்திருந்த டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, வழக்கம்போல ஒரு துண்டு வெல்லத்தை வெல்லக்கட்டியின் வாயில் திணித்தார். பத்து நிமிஷம் கழித்து அதே தாசில்தாரிடம் பவ்யமாக வந்து, "சார், டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்றார் வெல்லக்கட்டி. நடந்தது ஒன்றும் அவருக்கு நினைவில்லை.

ஊரில் பாதிப் பேர் குடி என்றார்கள், மீதிப் பேர் பேய் என்றார்கள். டிரைவர் அவரைச் செந்துறைப் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனார். பூசாரி வேப்பிலையால் அடித்தார். வெல்லக்கட்டி அதைப் பிடுங்கித் திருப்பி அடித்தார். களைத்துப்போன பூசாரி ஒரு சொம்பு பானகம் கொடுக்க, பேய் அப்போதே இறங்கிவிட்டது. பூசாரியின் புகழ் வரதராஜன்பேட்டை வரைக்கும் பரவியது.

பிறகு சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. வெல்லமும் கண்ணில் படவில்லை. ஒரு நாள் டிரைவரிடம் கொடுக்க ஒரு துணுக்குக்கூட இல்லாதபோது, வெல்லக்கட்டி படிக்கட்டில் சாய்ந்தார். கை கால் இழுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பஸ் எங்கும் நிற்காமல் நேரே அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

டாக்டர் அவர் வாயை முகர்ந்து பார்த்தார். "குடிச்சிருக்கானா?"

"பச்சத் தண்ணி கூடக் குடிக்கலீங்க," என்றார் டிரைவர்.

குளுகோஸ் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே வெல்லக்கட்டி கண்ணைத் திறந்து, "சாருக்கு எங்க போகணும்?" என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் மெட்ராஸில் ஒரு சர்ஜனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

மெட்ராஸ் சர்ஜன் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். "கணையத்துல சின்னதா ஒரு கட்டி இருக்கணும். அது நேரங்காலம் இல்லாம இன்சுலினைச் சுரக்குது. ரத்தத்துல சர்க்கரை தீர்ந்துபோய், மூளை பட்டினி கெடக்குது. கட்டியை எடுத்தாச் சரியாயிடும். ஆனா மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம்."

"அப்ப எனக்குத் திரும்பி வர டிக்கெட் எடுக்க வேணாம்," என்றாராம் வெல்லக்கட்டி. கூடப் போயிருந்த டிரைவர், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்துவிட்டார்.

வயிற்றைத் திறந்து கணையம் முழுக்க விரலால் தடவித் தடவிப் பார்த்தும் சர்ஜனுக்கு ஒன்றும் அகப்படவில்லையாம். தையல் போட்டு மூடிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், கணையத்தின் வால் பக்கம் பின்னால் ஒளிந்திருந்த கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வெளியே கொண்டுவந்து காட்டியபோது டிரைவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இந்தச் சுண்டைக்காயா தாசில்தாரைக் கட்டிப்பிடிச்சது?"

இரண்டு மாதம் கழித்து, வெல்லம் தின்று பருத்திருந்த உடம்பு பாதியாகி வெல்லக்கட்டி வேலைக்குத் திரும்பினார். டிக்கெட்டில் பிசகு இல்லை, சில்லறையில் பிசகு இல்லை. உண்மையைச் சொன்னால், பஸ் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், அந்த மாதிரி நேரத்துல நான் கண்டபடி நடந்துக்குவேன்னு டாக்டர் சொன்னாரு. உங்களையெல்லாம் ஏதாச்சும் பண்ணியிருக்கேனுங்களா?"

டிரைவர் தலையைத் திருப்பாமல், "ஒண்ணும் இல்லடா. சித்த நேரம் தூங்கிப்போயிடுவ, அவ்வளவுதான்," என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

"இருந்தாலும் உங்களுக்கெல்லாம் தொந்தரவாத்தான் இருந்திருக்கும்."

"தொந்தரவா? ஒரு நாளும் இல்லீங்க," என்றேன். அது மட்டும் பொய் இல்லை.