நானே கடல் என்று எழுதியவன்

கவிதையில் தன் அடையாளத்தைத் தேடுகிறவன், எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். அப்பா நீலாங்கரையில் படகு வைத்து மீன் பிடிப்பவர். நான் வளர்ந்ததோ பெரும்பாக்கம் குடியிருப்பின் ஆறாவது மாடியில். (கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு, தட்டில் விழும் நெத்திலியோடு சரி.) ஆனால் தாம்பரத்தில் கூடும் கவிதை வட்டத்தில் கைதட்டல் வேண்டுமே! "நான் அலையின் தலைமகன், தோணியே என் தொட்டில்" என்று வாசித்தேன். வட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியை எஸ்தர் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை இதை உங்கப்பா படகுலயே வாசி. நல்லா அமைஞ்சா உன் முதல் தொகுப்பை நாங்களே போடுறோம்."

புத்தகம் ஆச்சே! தலையாட்டிவிட்டேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், பஸ்ஸுல கூடுவாஞ்சேரி போறதுக்குள்ள வாந்தி எடுக்கற ஆளு நீ. உனக்கு இன்னாத்துக்குடா கடலு?"

"அப்பா, கடல் என் ரத்தத்துல ஓடுது."

"ஓடட்டும். காலைல மட்டும் ஒண்ணும் துன்னாத."

ரத்தத்தின் மேல் பாரத்தைப் போட்டு, இட்லியும் வடகறியும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன்.

லைஃப் ஜாக்கெட் மாட்டிய கவிஞர்களோடு படகு கிளம்பியது. கரையோர அலைகளைத் தாண்டியதும் எழுந்து நின்றேன். "நான் அலையின்..." என்றேன். தலைமகன் வரவில்லை. வடகறி வந்தது. அதுவும் மேடத்தின் கஞ்சி போட்ட காட்டன் புடவை மேல்.

மேடம் பாவம், என் தலையைத் தாங்கிப் பிடித்தார். அடுத்த நொடி அவருக்கே குமட்ட, அவர் தலையைப் பக்கத்துக் கவிஞர் பிடித்தார். அவர் தலையை இன்னொருவர். நவீன கவிதை மனிதர்களை இணைக்கும் என்று மேடம் அடிக்கடி சொல்வார். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"சார், எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க! படகு கவுந்துடும்!" என்று அப்பா என்ஜின் பக்கமிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

தொகுப்பு பிற்பாடு வந்தது. அதில் ஒரு சொட்டுக் கடல் கிடையாது. எல்லாம் ஆறாவது மாடிக் கவிதைகள். அப்பாதான் இன்னும் விடுவதாயில்லை. போன மாதம் அஸ்தினாபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அம்மா என்னை ஊஞ்சலில் உட்காரச் சொன்னதும் அப்பா பதறி எழுந்தார்.

"ஐயோ, வேணாம்மா! அது ஆடுது. நம்ம புள்ள கவிஞரு."