இரண்டாம் தொகுதி, முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

உயிரே போனாலும் முன்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று வக்கீல் தீர்மானித்தார். தீர்மானித்துவிட்டு, அடுப்படிக்குக் கேட்காதபடி மெதுவாகக் கனைத்துக்கொண்டார்.

வினை மகன் உருவத்தில் வந்தது. லீவு முடிந்து கிளம்பும்போது மேசைமேல் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, "அப்பா, உங்க தீர்ப்புப் புத்தகமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. வருஷம், தொகுதி, பக்கம் மூணையும் போட்டா கேஸ் வந்து நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதை அவன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எல்லாம் இதுக்குள்ள இருக்குன்னா அலமாரியில எதுக்கு இவ்வளவு? காலேஜுக்குக் குடுத்திடலாம். என் தையல் மெஷினை இங்க போட்டுக்கறேன். ஜன்னல் வெளிச்சமாவது கிடைக்கும்."

வக்கீல் அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். அறையின் நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை தீர்ப்புத் தொகுதிகள். கட்சிக்காரர்கள் வருவது நின்று வெகுநாளாயிற்று. அவர் ஜெயித்த கேஸ்கள் அமலாவதற்குள் அவர்களுடைய பேரன்களுக்கே நரை விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்தால்தான் அவர் வக்கீல். மற்ற அறைகளில் வெறும் புருஷன்.

எழுந்து நின்றார். இல்லாத கறுப்பு அங்கியைத் தோளில் சரிசெய்தார்.

"இது எப்பவோ முடிஞ்ச விவகாரம். ரெண்டாம் தொகுதி, முந்நூத்திப் பதினெட்டாம் பக்கம். வக்கீலின் முன்னறை வக்கீலுக்கே!"

கல்யாணமான புதிதில், இதே வாசற்படியில் அந்த மெஷினை மறித்து நிறுத்திய தீர்ப்பு அது. அன்று அடுப்படி மூலைக்குப் போன மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ருசி கண்ட பூனையாகிவிட்ட வக்கீல், அதன்பின் எல்லாச் சண்டைக்கும் ஒரு பக்கம் சொல்லியே ஜெயித்தார். ஃபேன் வேகத்துக்கு ஒரு தொகுதி. மச்சினன் வந்து தங்குவதற்கு ஒரு தொகுதி. அத்தனையும் வாய்க்கு வந்த எண்கள். யார் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப்போகிறார்கள்?

இப்போது ஏணியே தேவைப்படவில்லை.

"வருஷம், நம்ம கல்யாண வருஷம்தானே?" அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

"இவளே, பழைய கேஸெல்லாம் அதுல ஏத்தியிருக்க மாட்டாங்க."

"ஏத்தியிருக்காங்களே. எருமை."

"யாரு?"

"கேஸுங்க. பக்கத்து வீட்டுத் தோட்டத்துல எருமை பூந்து மேஞ்ச கேஸ்."

"எருமையைப் பாக்காதே, சாரத்தைப் பாரு! ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் நுழையக் கூடாது. அதான் கொள்கை."

"சரி. நம்ம வீட்டுல எருமை யாரு?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"போகட்டும் விடுங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அவள். "இதுக்கெல்லாம் தூசி தட்டறது யாரு? அந்த வாரமே எடுத்துப் பாத்துட்டேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"கோர்ட்டுல உங்க சீனியர் உங்களை வாயைத் திறக்கவே விடமாட்டார். சாயங்காலம் வந்து என் முன்னாடி நின்னு கையை ஆட்டிப் பேசுவீங்க. அவ்வளவு நல்லா இருக்கும். வீட்டுலயாவது ஜெயிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

வக்கீலுக்கு அந்தச் சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. அப்போது வீட்டில் ஒரே நாற்காலி. அது கட்சிக்காரருக்கு. அவள் தொகுதிகளை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே அவர் வாதத்தைக் கேட்பாள். எந்த நீதிபதியும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அந்த நாட்கள் ஒருமுறை திரும்பி வராதா என்று ஏங்கிப்போனார்.

"உங்க பேரு அச்சுல வந்த முதல் கேஸ், அது இதுல இருக்குமா?" என்றாள் அவள்.

இருக்குமாவா! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணை மட்டும் சரியாகச் சொல்வார். சொன்னார். வந்து நின்றது. அவர் பெயரும் இருந்தது. அந்தக் கேஸின் கட்சிக்காரியை அழைத்துவந்தவளே இவள்தான். தையல் வகுப்புத் தோழி. கொழுந்தன் மூட்டை முடிச்சுகளைப் போட்டு அவள் அறையை அடைத்துவிட்டான். தொகுதி கைக்கு வந்த அன்று வக்கீல் பஸ்ஸுக்குக் காத்திராமல் வீட்டுக்கு ஓடியே வந்தார். இவள் அந்தப் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"படிங்களேன். என் கண்ணாடியை எங்க வெச்சேன்னு தெரியலை."

கண்ணாடி அவள் மடியில் இருந்தது. கண் கலங்கியிருந்ததால் வக்கீல் கவனிக்கவில்லை. எழுந்து நின்று, கோர்ட்டுக் குரலில் முழங்கினார்.

"'பழைய சாமான்களை அடுக்கி வைத்திருப்பதால் மட்டுமே ஒருவருக்கு அறையில் உரிமை வந்துவிடாது, அங்கே உட்கார்ந்து தைத்துப் பிழைப்பவருக்கே அது தேவை என்று மனுதாரரின் வக்கீல் திறம்பட வாதாடினார். இந்த நீதிமன்றம் அதை...'"

குரல் பாதியில் இறங்கியது.

"ம், அதை?"

"ஏற்கிறது" என்றார் வக்கீல், தனக்கே கேட்காமல். உடனே சுதாரித்துக்கொண்டார். "ரொம்பப் பழைய தீர்ப்பு. மேல் கோர்ட்டுல ரத்தாகியிருக்கும்."

கண்ணாடி மடியிலிருந்து மூக்குக்கு ஏறியது.

"ரத்தாகலைங்க. கீழயே போட்டிருக்கு. அப்புறம் வந்த கேஸ்ல எல்லாம் நீங்க சொன்னதைத்தான் பின்பற்றியிருக்காங்க."

வக்கீல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மெஷினைத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தார். அவர் பெயர் இருந்த தொகுதியை மட்டும் அவள் காலேஜுக்குத் தரவில்லை. நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் வாங்கிய தீர்ப்புகளில், படித்த அன்றைக்கே அமலானது அது ஒன்றுதான்.