ஃபெர்ரி ஏறப்போன ஸ்போர்ட்ஸ் காரு

எட்டாங்கிளாசோட படிப்ப நிறுத்துன என்னை மாதிரி ஆளு கையில போனும் நெட்டும் கெடைச்சா என்ன ஆகும்னு எங்க அத்தானக் கேளுங்க. (கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க.)

அத்தானுக்கு போட் எஞ்சின் ரிப்பேர் வேலை. வீடு இந்தத் தீவுல லம்பா லைன்ல, வாரம் ஒருக்கா காட்டு வழியா அடுத்த தீவு பாராடாங் போவணும். அதுக்கு ஒரு பழைய காரு பாத்துக்கிட்டிருந்தாரு. ரெண்டு வந்துச்சு. ஒண்ணு பக்கத்துத் தெரு டீச்சரோட சின்ன காரு. இன்னொண்ணு ஒரு ஆபீசரோட செகப்பு ஸ்போர்ட்ஸ் காரு. அவருக்கு டிரான்ஸ்பர், மறுநாள் மெயின்லேண்டுக்குக் கப்பல். அதனால அடிமாட்டு வெலை.

"மாப்ள, நீதான் வீடியோவாப் பாக்குறியே, எத வாங்கலாம்ல?"ன்னாரு அத்தான்.

என்கிட்டயும் ஒரு மனுசன் யோசனை கேட்டது அதான் மொத தடவை. விடுவேனா? நோட்டுல கட்டம் போட்டேன். ஆனா எந்த நம்பர் பெருசா இருந்தா நல்லது, எது சின்னதா இருந்தா நல்லதுன்னு ஒரு எழவும் புரியல. மைலேஜ் பெருசா இருக்கணும், சரி. தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி? ரொம்ப நேரம் யோசிச்சேன். பள்ளத்துல உருண்டா, கம்மி ஒசரத்துல இருந்து விழுறதுதான நல்லது? ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு டிக்.

"சீட்டே ரெண்டுதானல இருக்கு?"ன்னா அக்கா.

"ஒனக்கு ரெண்டு புள்ளைங்க. கணக்கு சரியாத்தான இருக்கு?"

"அப்ப வண்டிய ஓட்டுறது யாருல?"

(இத நான் யோசிக்கல.) ஏழுக்கு ரெண்டுன்னு ஸ்போர்ட்ஸ் காரு ஜெயிச்சுது.

ஆபீசர் சாவியக் குடுத்து இந்தியில சொன்னாரு: "இன்னைக்கு ஓட்டிப் பாருங்க. ஒரு கீறல் விழுந்தாலும் வண்டி உங்களுது."

கெளம்பினோம். டூல்ஸ் பை வைக்க எடமில்ல, என் மடியில. காட்டு ரோட்டுல எல்லா வண்டியும் கான்வாயா வரிசையிலதான் போவணும், முந்தக் கூடாது. எங்களுக்கு முன்னாடி ஒரு சிமெண்ட் லாரி. எஞ்சின் உறுமுது, வண்டி ஊருது.

"மாப்ள, அந்தச் சின்ன காரும் இதே ஸ்பீடுலதான வரும்?"

"வரும் அத்தான். ஆனா இது மெதுவா போனாலும் வேகமாப் போறமாதிரி தெரியும்ல?"

பாராடாங் போவ, காருங்கள ஏத்திக்கிட்டுப் போற ஃபெர்ரி இருக்கு. அன்னைக்குப் பாத்து கடல் வத்திக் கெடந்துச்சு. ஃபெர்ரி கீழ, கரையில ஜெட்டி மேடை மேல, நடுவுல பலகை செங்குத்தா எறங்குது. ஃபெர்ரிக்காரன் "ருக்கோ! ருக்கோ!"ன்னு நிக்கச் சொல்லிக் கத்துறான். நான் பந்தாவா, "போங்க அத்தான், இது ஸ்போர்ட்ஸ் காரு"ன்னேன்.

டர்ர்ர்ர்.

முன் சக்கரம் பலகையில, பின் சக்கரம் ஜெட்டியில, வயிறு நடுவுல அப்படியே குந்திக்கிச்சு. பின்னாடி கான்வாய் மொத்தமும் ஹாரன் அடிக்குது. ஃபெர்ரிக்காரன் குனிஞ்சு பாத்துட்டு, "பாய், யே காடி ஹை யா போட்?"ன்னான். (காரா, போட்டான்னு கேக்குறான்.) எட்டுப் பேரு தூக்கித் திரும்ப ஜெட்டியிலயே வச்சாங்க. பாராடாங்க இக்கரையில நின்னு பாத்துட்டு, அடுத்த கான்வாய்ல திரும்பினோம்.

வண்டி வயித்துல மொழ நீளத்துக்குக் கீறல். வண்டி இனி நம்ம தலையிலதான், புள்ளைங்கள எங்க உக்கார வைக்கன்னு அத்தான் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி நேந்துக்கிட்டேன்.

ஆபீசர் வண்டிய ரெண்டு சுத்து சுத்திப் பாத்தாரு. அடியில பாக்கக் குனிஞ்சாரு. அது இருக்குற எறக்கத்துக்குத் தரையில படுத்தாத்தான் தெரியும். போட்டிருந்தது வெள்ளைப் பேண்டு. பேண்டப் பாத்தாரு, தரையப் பாத்தாரு, நிமிந்துட்டாரு.

"டீக் ஹை", எல்லாம் சரின்னு சாவிய வாங்கிக்கிட்டாரு.

அந்த எறக்கத்துக்கு நான் போட்ட டிக் சரிதான்னு அத்தான்கிட்ட சொன்னேன். ஸ்பேனரத் தேடுனாரு. மறுநாளே டீச்சரோட சின்ன காரு வீட்டுக்கு வந்துச்சு.

இப்பவும் லம்பா லைன்ல யாரு காரு வாங்குனாலும் மொதல்ல என்கிட்டதான் அத்தான் அனுப்பி வைப்பாரு. நானும் நோட்ட எடுத்து, கட்டம் போட்டு, ஒண்ணச் சொல்லுவேன். டீ வாங்கிக் குடுத்துட்டு, நேராப் போயி இன்னொண்ண வாங்குவாங்க.

இதுவரைக்கும் ஒருத்தருக்கும் தப்பாப் போனதில்ல.